இரண்டு விசிலுக்குக் கிளம்பும் வீடு

ஜூன் 3, திங்கள்

நான் இத்தனை வருடமாக ஒரு "பள்ளி நேரத்துக்குப் பிந்தைய சிறார் பராமரிப்பு மையம்" நடத்திக்கொண்டிருக்கிறேனாம். இன்றைய தபாலில்தான் எனக்கே தெரிந்தது. பள்ளி விட்டதும் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். பால் குடிப்பார்கள், வீட்டுப்பாடம் எழுதுவார்கள், அடித்துக்கொள்வார்கள். பெற்றவர்கள் வேலை முடிந்து வந்து கூட்டிப்போவார்கள். இதற்குப் பிள்ளை பார்த்துக்கொள்வது என்றுதான் பெயர் என்று நினைத்திருந்தேன். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் உரிமம் வேண்டுமாம். ஜூலை முடிவதற்குள் வாங்காவிட்டால் மூடிவிட வேண்டுமாம். கூடவே விதிமுறைகள், ஒரு கத்தைக் காகிதம்.

வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மெயின் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறேகால் வண்டி இன்னைக்கும் லேட்டு" என்றார்.

அவ்வளவுதான். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த நாற்காலி, இந்த ஜன்னல், நாலு நாள் தாடி. ஒரு காலத்தில் இவர் வீட்டுக்குள் "தண்ணி கொண்டா" என்றால் தெருக்கோடியில் இருப்பவன் தண்ணீரோடு வருவான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது. இப்போது அவர் பேசுவது கேட்க வேண்டுமானால் நான் மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஜூன் 5, புதன்

வக்கீலின் அம்மா வந்து விண்ணப்பம் பூர்த்தி செய்ய உதவினாள். வக்கீல் என்பது எட்டு வயதுப் பெண். எதைச் சொன்னாலும் "அது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்பாள், அதனால் நான் வைத்த பெயர். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், இந்த வருடம் முழுக்க மாலை ஷிஃப்ட்.

"அக்கா, எப்படியாவது வாங்கிடுங்க. நீங்க மூடினா நான் வேலையை விடணும். வேற யாரும் இல்ல எனக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பேனாவை மூடாமலே பைக்குள் போட்டாள். பையெல்லாம் மை.

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டோம். மையத்தின் பெயர்? எனக்கு ஏது மையம், அதற்கு ஏது பெயர்? "அரும்பு" என்றேன். பேபி சோப்பு மாதிரி இருக்கிறது என்றாள் வக்கீல். "வானவில்?" அது பெயிண்ட் கடையாம். காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனோம்.

ஜூன் 8, சனி

விதிமுறைகளைப் படித்து முடித்தேன். இந்த வீட்டில் நாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதே ஆச்சரியம். எல்லா பிளக் துளைகளுக்கும் மூடி வேண்டும். மருந்துகள் பூட்டிய பெட்டியில். தீயணைப்பான் இரண்டு. குளியலறைக் கதவை வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். தீப்பிடித்தால் எல்லோரும் எப்படி வெளியேறுவது என்று திட்டம் எழுதி, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகாரி முன்னால் செய்து காட்ட வேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் என்றால் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். முழு நேரமும். பயிற்சி பெற்றவர்களாக.

சம்பளம் கொடுத்து ஆள் வைக்க நான் எங்கே போவேன்? ஜன்னல் பக்கம் பார்த்தேன். நல்ல உயரம், நல்ல உடம்பு, பயிற்சி இல்லை. போதும்.

"என்னங்க, உங்க பேரையும் போட்டுக்கட்டுமா?"

"எதுக்கு?"

"பிள்ளைங்களைப் பார்த்துக்க. என்கூட."

"எனக்கு என்ன தெரியும்" என்றார்.

தினம் ஆயிரம் பேரை ஏற்றி இறக்கிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? நான் கேட்டதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறார், அதுதான் தப்பாகிவிட்டது. அவர் குளிக்கப் போனபோது பெயரைப் போட்டுவிட்டேன்.

ஜூன் 12, புதன்

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும். வரிசையில் நின்றோம். ஐயாவுக்கு மூக்கு நுனியில் கோபம்.

"இத்தனை வருஷம் ஊரே என் கையில காசைக் கொடுத்துட்டு மீதி வாங்காம இறங்கிப் போச்சு. ஒருத்தன் சர்ட்டிபிகேட் கேட்டதில்ல."

"அதுக்குத்தான் இப்ப கேக்குறாங்களோ என்னமோ."

கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்பட்டாரே, அதுவே ஆறு மாதத்தில் புதுசு.

ஜூன் 15, சனி

முதலுதவிப் பயிற்சி. ஒரு பெரிய ரப்பர் பொம்மையைத் தரையில் படுக்க வைத்து, மயங்கிக் கிடப்பவரை எப்படி எழுப்பிப் பார்ப்பது என்று காட்டினார்கள். தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட வேண்டும். எல்லோரும் "ஹலோ, கேக்குதா?" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அவர் முறை வந்தது. குனிந்தார், தோளைத் தட்டினார்.

"ஐயா, கடைசி ஸ்டாப்பிங். எந்திரிங்க."

பயிற்சி கொடுத்தவர் தாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு முதலில் மானம் போன மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்து நினைத்து நானும் சிரித்தேன். அவர் மட்டும், "வேற எப்படி எழுப்புறதாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஜூன் 18, செவ்வாய்

வெளியேறும் பயிற்சி ஆரம்பம். நான் "எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. ஏனாம்?

"நீங்க தினமும்தான் கத்துறீங்க, அத்தை" என்றாள் வக்கீல்.

நியாயம்தான். அவர் எழுந்துபோய் அலமாரியைத் துழாவி விசிலை எடுத்துவந்தார். வேலையில் இருந்தபோது வைத்திருந்த அதே விசில். "கவனி. ஒரு விசில்னா வண்டி நிக்கணும். ரெண்டு விசில்னா கிளம்பணும். புரியுதா?" என்றார். பிள்ளைகளுக்குப் புரியாமல் என்ன, முகமெல்லாம் பல். ரெண்டு விசில் ஊதினார். பன்னிரண்டும் வரிசையாக வாசல் வழியாக இறங்கி எதிர்ச்சுவர் ஓரம் போய் நின்றன. நடுவில் ஒன்று தள்ளிவிட்டது. ஒரு விசில். அத்தனையும் அப்படியே நின்றன. ரெண்டு விசில். மறுபடி கிளம்பின.

என் உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு தெரிந்தது, பிள்ளைகள் அவரை "தாத்தா" என்று கூப்பிடுகிறார்கள். நான் அத்தை, அவர் தாத்தா. இந்தக் கணக்குப்படி நான் இவருக்கு மகள் முறை ஆகிறது. இதை யாரிடம் போய்த் திருத்துவது?

ஜூன் 21, வெள்ளி

பயிற்சி வேண்டும் பயிற்சி வேண்டும் என்று பிள்ளைகள் உயிரை எடுக்கிறார்கள். பால் குடிக்க ரெண்டு விசில், நோட்டு மூட ஒரு விசில். நானே இப்போது ஒரு விசில் கேட்டால் கரண்டியோடு நின்றுவிடுகிறேன்.

திங்கட்கிழமை அதிகாரி வருகிறார்.

ஜூன் 24, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அதிகாரி அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, ஒரு நீல ஃபைல், சிரிக்காத முகம். எல்லாவற்றையும் பார்த்தார். பிளக் துளை மூடிகளைத் தனித்தனியாக நிமிண்டிப் பார்த்தார். சரி. மருந்துப் பெட்டி, சரி. குளியலறைக் கதவு, சரி. வருகைப் பதிவில் யார் யார் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள் என்று கையெழுத்து, சரி. எனக்குள் ரொட்டி உப்புவது மாதிரி ஒரு சந்தோஷம் உப்பிக்கொண்டே வந்தது.

"வெளியேறும் பயிற்சியைக் காட்டுங்க. சிக்னல் என்ன?"

"விசில்" என்றேன்.

"குடுங்க, நானே ஊதறேன். சொல்லாம ஊதினாத்தானே தெரியும்."

கைக்குட்டையால் விசிலைத் துடைத்தார். பிள்ளைகள் அவரவர் வேலையில் இருந்தார்கள். ஊதினார். ஒரே ஒரு விசில். நீளமாக, அழகாக.

பன்னிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தவன் வைத்தபடி. ரப்பரைத் தேடிக் குனிந்தவள் குனிந்தபடி. யாரும் கண் இமைக்கவில்லை. அதிகாரி அம்மா பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன, யாரும் போகலையா?" என்றார். வக்கீல் மட்டும் உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

"வண்டி நின்னிருக்கு."

நான் ஏன் பேசவில்லை? ஏனென்றால் நானும் நின்றுவிட்டேன். பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, தூண் மாதிரி. சரி, நான் போகட்டும். அவர்? அந்த விசிலுக்குச் சொந்தக்காரர்? "ரெண்டு ஊதுங்கம்மா" என்று ஒரு வார்த்தை போதுமே. அவர் சுவரோரம் கைகட்டி, தலைகுனிந்து, ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றார். நான் ஒருவழியாக விளக்கம் சொல்லி முடித்தபோது அதிகாரி அம்மா ஃபைலில் எழுதிவிட்டிருந்தார்.

அவசர வெளியேற்றம்: தேறவில்லை. மூன்று வாரத்துக்குள் மறு ஆய்வு, சொல்லாமல் வருவார்கள். அதிலும் தேறாவிட்டால் விண்ணப்பம் ரத்து. போகும்போது "பேர் காலியா இருக்கு, அதையும் போடுங்க" என்றார். பேர் ஒன்றுதான் குறைச்சல்.

அதே நாள், பிள்ளைகள் போன பிறகு

கத்திவிட்டேன். "உங்க பஸ்ஸு இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கா? அதான் இறக்கிவிட்டாச்சே, இறங்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இதைவிட மோசமாக ஒரு மனுஷனிடம் எதைச் சொல்ல முடியும்?

அவர் விசிலை மேஜை டிராயரில் போட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆறேகால் வண்டி போனது. லேட்டா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

வக்கீலின் அம்மாவிடம் சொன்னேன். "பரவாயில்ல அக்கா, இன்னொரு வாய்ப்பு இருக்கே" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள், இடது காலில் வலது.

ஜூன் 27, வியாழன்

விசிலே வேண்டாம் என்று எலக்ட்ரிக் பெல் வாங்கி மாட்டினேன். இன்று முதல் பயிற்சி. பெல்லை அழுத்தினேன்.

பன்னிரண்டு பேரும் சந்தோஷமாகக் கூச்சல் போட்டார்கள். பென்சில் டப்பாவை மூடினார்கள். நோட்டுகளைப் பைக்குள் அடுக்கினார்கள். பாட்டில் யாருடையது என்று சண்டை போட்டார்கள். ஷூவைத் தேடினார்கள், லேஸ் கட்டினார்கள். நிஜமாகத் தீ என்றால் இந்நேரம் வீடு எரிந்து முடிந்து ஆறியும் போயிருக்கும்.

"எதையும் எடுக்கக் கூடாது, அப்படியே போகணும்னு சொன்னேனே?"

"பெல் அடிச்சா பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். எங்க ஸ்கூல்ல அப்படித்தான்" என்றாள் வக்கீல்.

நாலு தடவை செய்து பார்த்தேன். நாலு தடவையும் பை.

ஜூலை 1, திங்கள்

தட்டு அடித்துப் பார்த்தேன். பால் வந்துவிட்டது என்று டம்ளரோடு வந்து நின்றார்கள். கை தட்டினேன். அவர்களும் தட்டினார்கள்.

தாத்தா ஏன் விசில் ஊதுவதில்லை என்று சின்னது ஒன்று கேட்டது. தாத்தாவுக்குத் தொண்டை சரியில்லை என்றேன். அவர் காதில் விழுந்திருக்கும். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 3, புதன்

விதிமுறைகளை மறுபடி எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். பெல் என்று எங்கேயும் இல்லை. ஒரே சத்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. "கட்டடத்திலுள்ள அனைவரும் அறிந்த, எழுதிக் காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு சமிக்ஞை." இவ்வளவுதான். மனசு கேட்காமல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அதே அம்மாதான் எடுத்தார்.

"மேடம், விசிலை ரெண்டு தடவை ஊதுற மாதிரி வச்சுக்கலாமா?"

"பத்து தடவை ஊதுங்களேன், எனக்கென்ன? எத்தனை தடவைன்னு எழுதி மாட்டியிருந்தா நான் அன்னைக்கு அப்படியே ஊதியிருப்பேன்ல?"

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தப்பு விசிலில் இல்லை. அவர் மேலும் இல்லை. ஒரு அட்டையில் "இரண்டு முறை" என்று எழுதி மாட்ட வேண்டியது என் வேலை, நான் மாட்டவில்லை. அதற்குப் போய் அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசினேன்?

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லாததால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டிராயரைத் திறந்து விசிலை எடுத்து, டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு ஊத வரல. நீங்க இல்லாம ஆகாது" என்றேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு."

டீயைக் குடித்தார். விசிலைக் கையில் எடுத்து உருட்டினார். "இதுக்குள்ள உருளுற பட்டாணி கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. கழுவணும்" என்றார்.

ஜூலை 4, வியாழன்

ஷேவ் செய்திருக்கிறார்.

ஜூலை 8, திங்கள்

வாசல் பக்கத்தில் ஒரு ஆணி, அதில் விசில், அதன் மேலே வக்கீல் எழுதிய அட்டை: "2 தடவை ஊதவும். 1 தடவை ஊதினால் நிற்போம். பிறகு எங்களைத் திட்டக் கூடாது." கடைசி வரியை எடுக்கச் சொன்னேன். அது கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பயிற்சி நன்றாகப் போகிறது. ஆனால் அவர் விசில் மட்டும்தான் ஊதுகிறார், வாய் திறப்பதில்லை. யாராவது தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்தால் சுவரோரம் போய்விடுகிறார். அந்த அம்மா வரும்போது மறுபடி கைகட்டி நின்றுவிடுவாரோ?

ஜூலை 11, வியாழன்

வந்துவிட்டார். பிள்ளைகள் வாயில் பாலும் பிஸ்கட்டுமாக இருந்த நேரம். வாசலில் அதே நீல ஃபைல். வணக்கம் சொன்னேனா என்றே ஞாபகம் இல்லை.

அட்டையைப் படித்தார். கடைசி வரியையும் படித்தார். ஆணியிலிருந்து விசிலை எடுத்து, துடைத்து, ஊதினார். ரெண்டு.

பன்னிரண்டும் எழுந்தன. டம்ளர்களை அங்கங்கே விட்டுவிட்டு வரிசையாக வாசலுக்கு வந்தன. நான் முன்னால் போனேன். அதிகாரி அம்மா வாசல் படியில் நின்று, கதவில் சாய்ந்தபடி எழுதிக்கொண்டிருந்தார். படியே குறுகல். பிள்ளைகள் அவரை இடிக்காமல் ஒவ்வொன்றாக ஒதுங்கி ஒதுங்கி வந்தார்கள், வரிசை தேங்கிவிட்டது. நகரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகாரியை எப்படிச் சொல்வது?

அப்போதுதான் கேட்டது. உள்ளேயிருந்து, தெருக்கோடி வரைக்கும்.

"படியில நிக்காதீங்கம்மா. இறங்குறவங்களுக்கு வழி விடுங்க. கீழ இறங்குங்க, இறங்கி நில்லுங்க."

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அதிகாரி அம்மா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் இறங்கினார். இறங்கி, பிள்ளைகளோடு எதிர்ச்சுவர் ஓரம் போய் வரிசையில் நின்றார். உள்ளே என் வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார், கடைசியாக வெளியே வந்தார். தலைகளை எண்ணினார். அந்த அம்மா தலையையும் சேர்த்து எண்ணினார்.

"வண்டி காலி" என்றார் என்னிடம். பிறகுதான் யாரை விரட்டினோம் என்று உறைத்தது போலிருக்கிறது. மெதுவாகக் கையைக் கட்டிக்கொள்ளப் போனார்.

அதிகாரி அம்மா எழுதிக்கொண்டே சொன்னார்: "நான் எல்லா இடத்துலயும் வாசல்லதான் நிப்பேன். எல்லாரும் எனக்கு மரியாதை குடுத்து, என்னை உள்ளயே விட்டுட்டுப் போயிடுவாங்க. தீப்பிடிச்சா நானும் எரிவேன்ல? இன்னைக்குத்தான் ஒருத்தர் இறங்கச் சொல்லியிருக்கார்."

முதல்முறையாகச் சிரித்தார். "தேறியாச்சு. அந்தப் பேரை மட்டும் சீக்கிரம் எழுதி அனுப்புங்கம்மா."

வக்கீல் அவர் புடவையை இழுத்து, "இப்ப ரெண்டு விசில் ஊதினாத்தான் நாங்க உள்ள போக முடியும்" என்றாள். ஊதினார். போனோம்.

ஜூலை 12, வெள்ளி

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "ரொம்பக் கத்திட்டேனோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் கத்துங்க என்று சொல்ல வாய் வந்தது. அழுதுவிடுவேன் என்று பயந்து ஊறுகாயை எடுக்கப் போய்விட்டேன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்திருக்கிறது. அது வீட்டில் இல்லாமல் ஆறு மாதம் எப்படி இருந்தேன்?

வக்கீலின் அம்மா காலையிலேயே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

பெயர் எழுதி அனுப்பிவிட்டேன். யோசிக்கவே தேவைப்படவில்லை. புதிதாக ஒரு அப்பா இடம் கேட்டு வந்தார். தெருமுனைக் கடையில், "கண்டக்டர் வீடு எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். இத்தனை வருடம் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான், பேர் அவருக்கு. இருக்கட்டும். நான் எழுதி அனுப்பியதும் அதையேதான்.

ஜூலை 29, திங்கள்

உரிமம் வந்தது. கண்ணாடி போட்டு, அட்டைக்கும் விசிலுக்கும் மேலே மாட்டினோம். "கண்டக்டர் வீடு, சிறார் பராமரிப்பு மையம்." உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் சின்னதுதான். வக்கீல் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள், தப்பு எதுவும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரையும் கூட்டிப்போக ஆள் வந்துகொண்டிருந்த நேரம். ஜன்னலோர நாற்காலியில் பிள்ளைகளின் ஈரக் கைத்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றை மடிக்கும்போது மெயின் ரோட்டில் பஸ் போனது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்னங்க, ஆறேகால் வண்டி இன்னைக்கு ரொம்ப லேட்டு போலிருக்கே" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த வண்டி?" என்றார்.